தோளில் ஒரு திருத்தம்

தெய்வானையின் காரை எலும்பு முறிந்து கூடி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. துப்பாக்கியின் உதையை அது தாங்காது. கடலைக்காட்டிலோ பன்றிகள் நாலு பாத்தியை முடித்துவிட்டு ஐந்தாவதற்கு வந்திருந்தன.

"பின்கட்டையில ஒரு ரப்பர் வெச்சுக் குடுங்ணா," என்று துப்பாக்கி ரிப்பேர் பார்க்கும் இருதயராஜிடம் கேட்டாள்.

"வெச்சா மாத்தம் பண்ணுனதாயிரும் அம்மிணி. உள்ளார கம்ப்யூட்டர் இருக்குதுங்க, துப்பாக்கியே ஸ்டேஷனுக்குச் சொல்லிப்போடும். அனுமதிக்கு எழுதிப் போட்டா எட்டு மாசம். அதுவரைக்கும் அது அவங்க பீரோவுலதான்."

"எட்டு மாசம் கடலை காத்திருக்குமாக்கும்?"

இதே பேச்சை ஊர்ப்பட்ட பேரிடம் பேசிச் சலித்தவர் இருதயராஜ். கொட்டாவி விட்டுக்கொண்டே குரலைத் தணித்தார். "சட்டம் துப்பாக்கிக்குத்தானுங்க, உங்க தோளுக்கு இல்லியே. ரப்பரை ஜாக்கெட்டுக்குள்ள தெச்சுக்கங்க."

இரண்டு விரற்கடை கனத்துக்குத் தைத்துக்கொண்டாள். விடிந்ததும் பன்றிகள் வந்தன. கட்டையைத் தோளில் பதித்துக் குறி பார்த்தாள். விசை அசையவில்லை.

"உரிமம் பெற்றவரின் தோள் மாற்றியமைக்கப்பட்டுள்ளது," என்றது துப்பாக்கி, மரியாதை குறையாமல். "அனுமதி பெற்று வரவும்."

"என்னையும் பீரோவுல வெச்சுப் பூட்டுவீங்களா?"

ஐந்தாவது பாத்தியில் கடலை நொறுங்கும் சத்தம் கேட்டது.

தெய்வானை ஜாக்கெட்டுக்குள் கைவிட்டு ரப்பரைப் பிய்த்து எறிந்தாள். கூடியும் கூடாத எலும்பின்மேல் கட்டையை வைத்தாள்.

"ஒத்துழைப்புக்கு நன்றி, தெய்வானை அம்மா," என்றது துப்பாக்கி.

சேலைத் தலைப்பைச் சுருட்டிப் பல்லுக்கிடையில் கொடுத்துக்கொண்டு அவள் விசையை அழுத்தினாள்.