ஊருக்குப் புதுசு

“பக்கத்து வீட்டுக்காரன் இருக்கானா செத்தானான்னே தெரியாம நிம்மதியா வாழற கலையைக் கண்டுபிடிச்சது இந்த ஸ்டாக்ஹோம்தாங்க. உலகமே எங்ககிட்ட கத்துக்கணும்” என்றார் சிக்ஸ்டன், துளியும் சிரிக்காமல்.

ஓய்வுபெற்ற வரி அதிகாரி. சுற்றுலாப் பயணிகளைச் சகித்துக்கொள்வதற்கென்றே தினமும் அரண்மனைக்கு எதிரே இருக்கும் அந்த பெஞ்சுக்கு வருவார். இன்று மறுமுனையில், மடியில் வரைபடத்தோடு ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி. எதிரே நின்ற அந்த அரண்மனைக்கே வழி கேட்டிருந்தாள்.

“எந்த ஊரு நீங்க?”

“மால்மோ. தெற்குக் கோடி.”

“பேச்சுல மால்மோ இழுவையே இல்லையே?”

“வழியில எங்கயோ விழுந்துடுச்சு” என்றாள். “நாலு நாளா சுத்தறேன். படகுல போனேன். பக்கத்து சீட்டுல என் பைதான் உட்கார்ந்து வந்துச்சு. மியூசியத்துல அந்தப் பெரிய கப்பல்... கிளம்பின அன்னைக்கே முங்கிடுச்சாமே?”

“ஆமா. அதுல எங்களுக்கு ரொம்பப் பெருமை.”

“முன்னூறு வருஷம் கழிச்சாவது யாரோ வந்து தூக்கினாங்களே. கொடுத்து வெச்ச கப்பல்.”

சிக்ஸ்டன் தொண்டையைச் செருமினார். “கையில போன் இருந்தும் வழி கேக்கறீங்க பாருங்க, அதான் டூரிஸ்ட் புத்தி. பேச ஆள் வேணும் உங்களுக்கு. நாங்க அப்படி இல்ல. எனக்கு எதிர்வீட்டோட பதினோரு வருஷப் பழக்கம். மாடிப்படியில காலடி கேட்டா, அது ஓயறவரைக்கும் நான் கதவைத் திறக்கமாட்டேன். அந்தப் பக்கமும் அதே மரியாதை. ஆணா பெண்ணான்னுகூடத் தெரியாது!”

“ஒரு வார்த்தைகூடப் பேசினதில்லையா?”

“பில்டிங்குக்கே பொதுவான துணி துவைக்கிற ரூம்ல எதிர்வீட்டுக்கு ஒருதடவை சீட்டு ஒட்டினேன், ‘மெஷின்ல இருக்கற பஞ்சை எடுக்கவும்’னு. ‘எடுத்தாச்சு’ன்னு பதில் ஒட்டியிருந்துச்சு. கீழே ஒரு பூ வேற வரைஞ்சு. எதுக்குங்க பூ?”

அவள் வரைபடத்தை மடித்து பெஞ்சில் வைத்தாள்.

“இன்னைக்கோட என் லீவு முடியுது. யார்கூடவாவது ஒரு காபி குடிச்சிட்டா போதும்னு இருக்கு. வர்றீங்களா?”

“முன்பின் தெரியாதவங்களோடயா? நான் என்ன டூரிஸ்ட்டா?”

அவள் புன்னகைக்க முயன்றாள். எழுந்து போய்விட்டாள்.

வரைபடம் பெஞ்சிலேயே கிடந்தது. குப்பையில் போடலாமென்று எடுத்தார். மடிப்பெல்லாம் கிழிந்து, டேப் ஒட்டி, மறுபடியும் கிழிந்திருந்தது. நாலு நாளில் இவ்வளவா?

போடவில்லை. சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

சாயங்காலம் குப்பைப் பையோடு வெளியே கிளம்பினார். படியில் காலடிச் சத்தம். வழக்கப்படி கதவுக்குப் பின்னால் மூச்சடக்கி நின்று, கதவிலிருந்த சிறு துவாரத்தில் கண்ணை வைத்தார்.

ஒரே ஒரு கேக் கொள்ளும் சின்ன அட்டைப்பெட்டியோடு, எதிர்வீட்டுக் கதவைச் சாவி போட்டுத் திறந்துகொண்டிருந்தாள் மால்மோக்காரி.

காலடி ஓய்ந்து ஐந்து நிமிடம் கழித்து, சிக்ஸ்டன் அந்தக் கிழிந்த வரைபடத்தை விரித்துப் பிடித்தபடி எதிர்வீட்டு மணியை அழுத்தினார்.

“மன்னிக்கணும்... ஊருக்குப் புதுசு. இங்க காபி எங்க கிடைக்கும்?”