ஒன்றாம் தேதி

விடிந்துவிட்டது. அப்பா மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

அவன் கதவருகிலேயே நின்று பார்த்தான். போர்வை ஏறியது, இறங்கியது. மறுபடியும் ஏறியது.

சந்தோஷப்பட வேண்டும். பட்டான்.

முழுதாக இல்லை. அதுதான் அசிங்கம்.

சுவரில் நாட்காட்டி நேற்றைய தேதியையே காட்டிக்கொண்டிருந்தது. அவன் தாளைக் கிழிக்கவில்லை. கிழித்தால்தான் ஒன்றாம் தேதி வருமா என்ன? அது பாட்டுக்கு வந்துவிட்டது.

நேற்றோடு அப்பாவின் அரசாங்க வேலை முடிந்தது. அலுவலக உதவியாளர், முப்பத்து நான்கு வருடம். சாயங்காலம் ஆபீஸிலிருந்து நான்கு பேர் வீட்டுக்கே வந்தார்கள். படுத்திருந்தவர் நெஞ்சில் சால்வையை விரித்தார்கள். மாலையைக் கழுத்தில் போட முடியாமல் தலைமாட்டில் வைத்தார்கள். ஒருவர் போட்டோ எடுத்தார். "கொஞ்சம் சிரிங்கண்ணே" என்று வேறு சொன்னார்.

கிளம்பும்போது இசக்கியப்பன் அண்ணன் அவனை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனார். அப்பாவோடு இருபது வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். தோளில் கை போட்டார். குரலைத் தாழ்த்தினார்.

"ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் சர்வீஸ்லதான் கணக்கு, தம்பி."

நல்ல மனுஷன். அக்கறையில்தான் சொன்னார். அவனுக்கு அவர் கன்னத்தில் ஒன்று விடலாம் போலிருந்தது.

"சரிண்ணே" என்றான்.

சர்வீஸில் இருக்கும்போதே போனால் மகனுக்கு வேலை. ஓய்வு பெற்றபின் போனால் ஒன்றும் கிடையாது. பென்சனும் அவரோடு போய்விடும். வாங்கிக்கொள்ள அம்மாவும் இல்லை. இந்தக் குவார்ட்டர்ஸில் இது எல்கேஜி பிள்ளைக்குக்கூடத் தெரியும். எதிர் பிளாக்கில் ஒருவன் அப்படித்தான் வேலைக்குப் போனான். அடுத்த தையில் கல்யாணமும் ஆயிற்று.

அவன் செல்போன் கடையில் நிற்கிறான். நிற்கத்தான் வேண்டும், உட்காரக் கூடாது. மாதம் பதிமூன்றாயிரம். இந்த வீட்டைக் காலி செய்துவிட்டு இதே அளவு வீடு வெளியே பார்த்தால் எட்டாயிரம், அட்வான்ஸ் தனி. பெண் பார்க்கப் போன இரண்டு இடத்திலும் காபி வருவதற்கு முன்பே கேட்டுவிட்டார்கள்.

கவர்மென்டா, பிரைவேட்டா?

நடமாடிய நாளில் அப்பா தன் சம்பளச் சீட்டை அவன் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டுவார்.

"ஏல, என் பஞ்சப்படி ஒண்ணே உன் முழுச் சம்பளத்தத் தாண்டுதே!"

சிரிப்பார். அவனும் சிரிப்பான். ஒரு நாள் சிரித்துக்கொண்டிருந்தவர் குனிந்து அவன் கால்களைப் பார்த்தார். இரண்டும் வீங்கியிருந்தன. அதற்குப் பிறகு அந்தச் சீட்டை அவர் காட்டவேயில்லை.

அப்பா கண்ணைத் திறந்தார்.

படுக்கை நனைந்திருந்தது. அவன் அவரைப் புரட்டிச் சுவர்ப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்தான். எடையே இல்லை. விரிப்பை உருவினான். தலையணை உறையைக் கழற்றி உதறினான்.

மாத்திரைகள் விழுந்தன.

நெஞ்சுக்கான மாத்திரை. காலையும் இரவும் அவன் கையாலேயே வாயில் போட்டது. தண்ணீர் கொடுத்து, தொண்டைக்குழி ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் டம்ளரை வாங்குவான். இந்த ஒன்றையாவது ஒழுங்காகச் செய்கிறோம் என்று அவனுக்கு ஒரு கர்வம்கூட இருந்தது.

பொறுக்கினான். பதினான்கு. கட்டிலுக்கு அடியில் உருண்டுபோன ஒன்றையும் சேர்த்து.

ஒரு வாரத்து மாத்திரை.

சிலவற்றின் ஓரம் எச்சிலில் கரைந்து போயிருந்தது.

ஒரு வேளைகூட விடக் கூடாது, விட்டால் என் கையில் இல்லை என்று டாக்டர் சொன்னார். அன்றைக்கு அப்பாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவர் அதை எதற்காக அவ்வளவு கவனமாகக் கேட்டார் என்பது இப்போதுதான் உறைத்தது.

அவன் மாத்திரைகளை உள்ளங்கையில் மூடிக்கொண்டான்.

அப்பா சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

"ஏல, ஒண்ணாந் தேதி ஆயிட்டா?"

"ஆமாப்பா."

அவர் முதுகு குலுங்கியது. இருமல் என்றுதான் முதலில் நினைத்தான்.

"எம்புட்டோ பாத்தேம்லே. இந்தப் பாழாப்போன உசுரு போவ மாட்டேங்கு."



நேற்றுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அவனும்தான் உட்கார்ந்திருந்தான். அதை அவரிடம் சொல்லிவிடலாமா? சொன்னால் இரண்டு பேருக்கும் பாரம் குறையுமோ என்னவோ. சொல்ல மாட்டான். சாகும்வரை யாரிடமும் சொல்ல மாட்டான்.

புது விரிப்பைப் போட்டான். அவரைத் தூக்கிச் சாய்த்து உட்காரவைத்தான். போர்வையும் நனைந்திருந்தது, துவைத்துப்போட்ட இன்னொன்று இன்னும் காயவில்லை. நேற்று வந்த சால்வையையே போர்த்திவிட்டான். மஞ்சள் ஜரிகைக் கரைக்கு மேலே அவர் முகம் மட்டும் தெரிந்தது.

அட்டையிலிருந்து காலை மாத்திரையைப் பிதுக்கினான். வாயில் போடுவதா, கையில் கொடுப்பதா என்று தெரியாமல் நின்றான்.

அப்பாவே அதைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டார். டம்ளரை வாங்கி மடமடவென்று குடித்தார். பிறகு வாயைத் திறந்து நாக்கை நீட்டினார். நாக்கைத் தூக்கி அடியிலும் காட்டினார்.

"இனி நான் இருந்தாத்தாம்லே பென்சன். ராத்திரிக்குத் தர மறந்துராத."