கிணத்தடியார்

வல்வெட்டித்துறையில் மாலை வெயில் கிணற்றுக்கட்டில் சாய்ந்து கிடக்கிறது. மகள் ஆரணி லண்டனில் மணந்த வெள்ளைக்காரனோடு தங்கவடிவேலர் இன்னும் ஒரு சொல்கூடப் பேசவில்லை. அவன் ஆரணியின் பக்கத்தில் நிற்க, வாளியை இறக்கியபடியே மகளிடம் கேட்கிறார்: "உவற்றை அற்வெல் எண்ட பேருக்கு என்ன கருத்து?" "அது அவையின்ரை பரம்பரைப் பேர், அப்பா. இங்கிலீசிலை 'அற் வெல்' எண்டால் கிணத்தடி; கிணத்தடியிலை குடியிருந்த ஆக்கள் எண்டு கருத்து." கப்பியின் கிறீச்சொலி நின்றுவிடுகிறது. இந்தக் கிணற்றில் தண்ணீர் அள்ளிய ஊரார் தலைமுறைகளாக அவர் குடும்பத்தை அழைப்பதும் கிணத்தடியார் என்றுதான். கடல்களுக்கு அப்பாலும் யாரோ கிணற்றடியில் குடியிருந்து, அயலவரின் தாகம் தீர்த்திருக்கிறார்கள். கோயில் வாசலில் நிற்பவர்போல அவர் ஒரு கணம் அசையாமல் நிற்கிறார். பிறகு தளும்பும் வாளியை இழுத்தெடுத்து மெல்லச் சரிக்கிறார். "கையை ஏந்தும், மருமோன்." மொழி புரியாவிட்டாலும் அவன் இரு கைகளையும் சேர்த்து நீட்டுகிறான்.