உள்ளேயிருந்து தட்டும் சத்தம்

எப்பேர்ப்பட்ட பூட்டையும் நொடியில் திறந்துவிடுவார் அந்தப் பூட்டு ரிப்பேர்காரர். ஆனால் உள்ளேயிருந்து யாராவது தட்டினால் போதும், கையே ஓடாது. இன்று தட்டுவது அக்கா மகள். குளியலறைப் பூட்டு சிக்கிக்கொண்டதில் கதறிக்கொண்டிருந்தாள்.

"பயப்படாதம்மா கண்ணு, மாமா வந்துட்டேன்!" என்றவர், இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னார். "உன் வயசுல நானும் மர அலமாரிக்குள்ள மாட்டிக்கிட்டேன். தட்டுன சத்தம் இன்னும் காதுலயே இருக்கு. அதனாலதான் இந்தத் தொழிலுக்கே வந்தேன்."

பூட்டு திறந்தது. குழந்தை ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டது. அக்காவின் முகம் மட்டும் வெளிறிக் கிடந்தது.

"என்னக்கா?"

"அலமாரிக்குள்ள இருந்தது நான்டா."

"விளையாடாதக்கா! எனக்கு எல்லாமே அப்படியே ஞாபகம் இருக்கு. உடம்பெல்லாம் வேர்த்து, கையில சாவியை இறுக்கிப் பிடிச்சிக்கிட்டு..."

அவர் குனிந்து தன் கையைப் பார்த்தார். வெளியிலிருந்து பூட்டிய அலமாரிக்குள் கிடந்தவன் கையில் சாவி எப்படி இருக்கும்?

"அம்மா வர்ற வரைக்கும் தட்டிக்கிட்டே இருந்தேன்," என்றாள் அக்கா. "நீ திறக்கவே இல்ல."