வெண்டல் வாங்கிய டோனட்

“வெண்டல்! இன்னிக்கும் உங்க பீக்கன் ஆஃப்!”

டாசன் கத்தியதுதான் தாமதம், நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். ஆஹா, நாளைக்கு டோனட்!

மொன்டானாவில் எங்கள் பனிச்சரிவு எச்சரிக்கை மையத்தில் அதுதான் வழக்கம். மலையேறும் முன் ஒருவர் வழியில் நின்று ஒவ்வொருவர் பீக்கனையும் சோதிப்பார். பனியில் புதைந்தால் ஆளைக் காட்டிக்கொடுப்பது நெஞ்சில் கட்டிய அந்தப் பெட்டிதான். அதை ஆன் பண்ண மறந்தவர் மறுநாள் எல்லோருக்கும் டோனட் வாங்க வேண்டும்.

“என்ன வெண்டல், பேக்கரிக்காரன் உங்களுக்குச் சொந்தமா?”

“அட போங்கப்பா! தின்னத்தானே போறீங்க.”

தலைவி கார்லா மட்டும் சிரிக்கவில்லை. சாயங்காலம் வெண்டலைக் கூப்பிட்டாள். நாங்கள் வேலை செய்வதுபோல் காதைத் தீட்டிக்கொண்டோம்.

“சொல்லவே கஷ்டமா இருக்கு வெண்டல். இப்படி மறந்தா உயிருக்கே ஆபத்து. இனிமே மலைக்கு வராதீங்க. ஆபீஸ்ல உட்கார்ந்து அறிக்கை எழுதுங்க.”

மலையை விட்டால் அந்த மனுஷனுக்கு வேறென்ன இருக்கிறது?

“மறதியெல்லாம் இல்ல கார்லா. வேணும்னேதான் ஆஃப் பண்ணிட்டு வருவேன். சோதனை முடிஞ்சதும் போட்டுடுவேன்.”

“எதுக்கு இந்த விளையாட்டு?”

“சோதிக்கிறவங்க நிஜமாவே சோதிக்கிறாங்களா, இல்ல அரட்டையடிச்சுக்கிட்டே கையை ஆட்டி அனுப்பிடறாங்களான்னு பார்க்கத்தான். நம்ம ஆளுங்க கெட்டி. பிடிச்சுடறாங்க.”

“எல்லாருமேவா?”



“ஒரே ஒரு நாள் தப்பிச்சேன். அதை விடு. மறுநாள் நானே டோனட் வாங்கிட்டேனே.”

“விடறதா? யாரு அது? பேரைச் சொல்லுங்க! அந்த ஆளை நாளைக்கே ஆபீஸ்ல உட்கார வைக்கிறேன்!”

“வேண்டாம் கார்லா.”

“சொல்லித்தான் ஆகணும்!”

“டாசனுக்குக் காய்ச்சல்னு அன்னிக்கு வழியில நின்னது நீதான்.”

மறுநாள் வெண்டல் எங்களோடு மலைக்குக் கிளம்பினார். டோனட் பெட்டியோடு வந்தது கார்லா. ஏன் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. வாய் நிறைய டோனட்!