தூண்டில்காரர்களுக்கு ஒரு கண்ணாடி

கண்ணாடிக் கடைக்குள் அப்போது இருந்தவர்கள்: ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர், அவருக்கு மாப்பிள்ளை ஆவானா மாட்டானா என்று இன்னும் முடிவாகாத ஒரு வங்கிக் கேஷியர், கடைக்காரன். மதியம் ஒன்றேகால். சாப்பாட்டுக்குக் கடையை அடைக்கிற நேரம். யாரும் நகர்வதாக இல்லை.

“மீன் பிடிக்கப் போறதுக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி வேணும் தம்பி. அஞ்சாறு வருஷமாவது உழைக்கணும்,” என்றார் போஸ்ட் மாஸ்டர். “எனக்கில்ல, இவருக்கு. வாங்கித் தர்றது நான். ஆனா எதுன்னு இவரே சொல்லட்டும்.”

“பரீட்சையா சார்?” என்றான் கடைக்காரன்.

“அப்படித்தான் வச்சுக்கோங்களேன். வீட்டுக்கு வந்திருந்தப்போ, மீன்பிடின்னா எனக்கும் உசிருன்னு சொன்னார். நான் இருபது வருஷமா ஞாயித்துக்கிழமை தவறாம ஏரிக்குப் போறவன். சொன்னது நெசமா இருந்தா நாளைக்கே நிச்சயம். பொய்யா இருந்தா, இதுல பொய் சொல்றவர் வேற எதுல சொல்ல மாட்டார்? ‘கண்ணாடிக் கடைக்குக் கூட்டிட்டுப் போங்கப்பா, தெரிஞ்சிடும்’னு எம் பொண்ணுதான் சொன்னா.”

கேஷியர் சிரித்தான். சிரிக்கும்போதே அவன் நெற்றி வியர்த்தது. மின்விசிறி முழு வேகத்தில்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

கடைக்காரன் இரண்டு கண்ணாடிகளை மேசைமேல் வைத்தான்.

“சார், விடியற்காலை. வெளிச்சம் கம்மி. தண்ணி வேற கலங்கலா இருக்கு. இந்த மஞ்சள் லென்ஸ் போடுவீங்களா, இந்தக் கறுப்பா?”

“கறுப்புதான்,” என்றான் கேஷியர்.

“இருட்டுலயா?”

“நம்ம கண்ணு மீனுக்குத் தெரியக் கூடாதுல்ல. தெரிஞ்சா உஷாராயிடும்.”

கடைக்காரன் போஸ்ட் மாஸ்டரைப் பார்த்தான். அவர் கண்ணை மூடி மெல்லத் தலையாட்டினார்.

“அனுபவம் பேசுது,” என்றார்.

கடைக்காரன் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, இன்னும் இரண்டு கண்ணாடிகளை எடுத்தான்.

“சரி, ஃபிரேமைப் பாப்போம். இது நைலான். கீழ போட்டாலும் உடையாது, மேல உக்காந்தாலும் நிமிர்ந்துக்கும்.” கையால் வளைத்தும் காட்டினான். “இது மெட்டல். பாக்க அழகு, விலையும் கூட. ஆனா தினம் தண்ணி பட்டா ஸ்க்ரூ துருப்பிடிச்சு ஒரு நாள் காதுல மாட்டற காம்பு கையோட வந்திடும். எது வேணும்?”

“மெட்டல்.”

“ஏன் சார்?”

“நைலானை மீன் கடிச்சிடும்.”

“மூஞ்சியில மாட்டியிருக்கற கண்ணாடியை மீன் எப்படி சார் வந்து கடிக்கும்?”

“பெரிய மீனா இருந்தா?” இதைக் கேட்டது கேஷியர் அல்ல, போஸ்ட் மாஸ்டர். “தம்பி, நீங்க ஃபேனுக்குக் கீழ உக்காந்து வியாபாரம் பண்றீங்க. தண்ணியில நிக்கறவங்களுக்குத்தான் கஷ்டம் தெரியும்.”

கடைக்காரன் விடவில்லை. வியாபாரிக்கு இவ்வளவு பிடிவாதம் ஆகாது. விலை அதிகமானதை வாங்குகிறேன் என்கிறவனை யாராவது தடுப்பார்களா?

“கடைசியா ஒண்ணு சார். இது போலரைஸ்டு கண்ணாடி. மீன் பிடிக்கிறவங்க இதைத்தான் கேட்டு வாங்குவாங்க. எதுக்குன்னு ஐயாகிட்ட நீங்களே சொல்லிடுங்க.”

கேஷியர் கண்ணாடியை வாங்கி முன்னும் பின்னும் திருப்பினான். முகர்ந்துகூடப் பார்த்தான்.

“வெயில்ல கண்ணாடி சூடாகாம இருக்கறதுக்கு.”

“தண்ணி மேல அடிக்கிற பளபளப்பை மறைச்சு, உள்ள இருக்கற மீனைக் காட்டறதுக்கு சார்! தூண்டில் பிடிச்ச யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க!” கடைக்காரன் குரல் தெருவரை கேட்டது.

“எதுக்கு இப்படிக் கத்தறீங்க? சூடும் ஒரு காரணம்தான்,” என்றார் போஸ்ட் மாஸ்டர். பிறகு கேஷியரின் தோளில் கை வைத்தார். “நீங்க மெட்டலையே எடுங்க மாப்பிள்ளை.”

அந்த வார்த்தையை அவர் இப்போதுதான் முதல் தடவை சொன்னார். கேஷியர் மெட்டல் கண்ணாடியைக் கடைக்குள்ளேயே மாட்டிக்கொண்டு, வண்டியை எடுக்க வெளியே போனான். போகிற வழியில் நாற்காலியில் இடித்துக்கொண்டான்.

போஸ்ட் மாஸ்டர் மேசைமேல் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார்.

“தம்பி, பையன் பெரிய கில்லாடியா இருக்கான். நான்தான் மாட்டிக்குவேன் போல இருக்கு.”

“ஏன் சார்?”

“நான் தூண்டிலைக் கையால தொட்டதே இல்ல. வாரத்துல ஒரு நாளாவது வீட்டு இரைச்சல் இல்லாம இருக்கலாம்னு ஏரிக்கரையில வண்டியை நிறுத்திட்டுத் தூங்குவேன். வர்ற வழியில மார்க்கெட்ல மீன் வாங்கிட்டுப் போவேன். இருபது வருஷமா இதுதான் நடக்குது. இப்ப மாப்பிள்ளை என்னையும் கூட்டிட்டுப் போனா மானம் போயிடும். நீங்க பேசினதை எல்லாம் ஒரு சீட்டுல எழுதிக் குடுங்க, மனப்பாடம் பண்ணிக்கறேன்.”

கடைக்காரன் எழுதிக் கொடுத்தான். போஸ்ட் மாஸ்டர் பணத்தைக் கொடுத்து, சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போனார். வண்டி கிளம்பும் சத்தம் தெருமுனையில் அடங்கும்வரை அவன் நின்ற இடத்திலேயே நின்றான்.

எதிர்ப்புறப் பேருந்து நிறுத்தத்திலிருந்து ஒரு பெண் ஓட்டமாகச் சாலையைக் கடந்து கடைக்குள் நுழைந்தாள்.

“அப்பா அவனை எப்படித் திட்டினாரு? ஒரு வார்த்தை விடாம சொல்லுடா.”

“நாளைக்கு உனக்கு நிச்சயமாம்.”

“விளையாடாத. யோசிச்சு யோசிச்சு அவங்களை உன் கடைக்கு அனுப்பினதே எதுக்கு? அவனைக் கழிச்சுவிட்டுட்டு நம்ம பேச்சை எடுக்கத்தானே? மீன் விஷயத்துல மட்டும் எங்கப்பாவை ஒருத்தரும் ஏமாத்த முடியாது!”

“உக்காரு, எல்லாத்தையும் சொல்றேன்,” என்று கடைக்காரன் அவளுக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினான்.