பின்கதவு

மலாயாவில் ரந்தாவ் ஊரைத் தாண்டிய வளைவில், ரப்பர் தோட்டத்துக் காரின் பின்கதவு தானாகத் திறந்துகொண்டது. பின்னால் தனியாக இருந்த வீரையன் எட்டி இழுத்துச் சாத்தினான்.

"சடையண்ணே, விழுந்திருப்பேன்லா!"

டிரைவர் சடையன் ரோட்டைப் பார்த்தே ஓட்டினார். பக்கத்தில் துப்பாக்கியோடு ஜப்பான் சிப்பாய் இருந்தான்.

அடுத்த வளைவில் ரோட்டோரமே ரப்பர் காடு. கார் ஊர்ந்தது. கதவு மறுபடி திறந்தது. வீரையன் தலைத்துண்டை அவிழ்த்துக் கதவை இறுக்கிக் கட்டினான்.

தம்பின் ஸ்டேஷனில் சயாமுக்குப் போகும் ரயில் நின்றது. வீரையன் இறங்கினான்.

"மூணே மாசம். ரயில் ரோடு போட்டுட்டு அரிசியோட வந்துருவேன். அதுக்குள்ள கதவச் சரி பண்ணிருங்கண்ணே."

சடையன் தலையாட்டினார். இதற்குமுன் அவர் இங்கே கொண்டுவந்து விட்ட ஒன்பது பேரில் ஒருவரும் திரும்பவில்லை.

காலையில் அந்தக் கதவின் பூட்டிலிருந்து அவர் கழற்றிய திருகாணி சட்டைப்பையில்தான் இருந்தது.